ஊதச் சொன்ன பொலிஸ்காரர்

நோர்வே என்றதும் எங்கள் ஊர் முதியவர்களுக்கு முதலில் நினைவு வருவது மீன்பிடி வள்ளம். 1956ஆம் ஆண்டிலே அந்நாட்டுக்குச் சென்ற அந்தோனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியினால் உருவான சீநோர் நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்படாத யாழ்ப்பாணத்தார் சிலரே. எனக்கோ, அந்நாட்டை நினைக்கும்போதெல்லாம், பனி கொட்டிய தெருவோரத்தில் நின்று "ஊதுங்கள்" என்று சொன்ன ஒரு பொலிஸ்காரரே கண்முன் வருகிறார்.

என் தமக்கையின் மகன் ஒஸ்லோ நகரில் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறான். சென்ற மாரியில் அவனிடம் போயிருந்தபோது, துரொண்ஹெய்ம் நகரில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர் தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன்னரே புறப்பட்டோம். அங்கே வாகனங்கள் வீதியின் வலப்புறமாக ஓடுகின்றன. சாரதியின் ஆசனம் இடப்பக்கம். நம் நாட்டில் சாரதி இருக்கும் இடத்தில் நான் சும்மா இருந்தேன். எதிரே பாரவண்டி வரும்போதெல்லாம் என் வலக்கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. மருமகன் அதைக் கண்டு சிரித்தான்.

நோர்வேயின் மிகப் பெரிய ஏரியாகிய மியோசாவின் கரையை அடைந்தபோது பொழுது புலர்ந்தது. கரையோரம் உறைந்து வெளுத்திருந்தது. நடுவிலே நீர் ஈயம்போலக் கறுத்துக் கிடந்தது. அக்காட்சியில் நான் ஆழ்ந்திருந்த வேளையில் வண்டியின் வேகம் குறைந்தது. முன்னால் நீல விளக்குச் சுழன்றது. மினுங்கும் மஞ்சட் சட்டை அணிந்த ஒருவர் கைகாட்டி எங்களை ஓரமாக்கினார்.

அந்தக் கணத்தில் என் கை தானாகவே சட்டைப் பையினுள்ளே போய் என் தேசிய அடையாள அட்டையை வெளியே எடுத்துவிட்டது. இலங்கை அட்டைக்கு மியோசா ஏரிக்கரையில் என்ன வேலை? அதுமட்டுமன்று, வண்டியை விட்டு இறங்குவதற்காகக் கதவின் கைபிடியையும் மற்றக் கை பற்றியிருந்தது.

"மாமா, இறங்க வேண்டாம். சும்மா இருங்கள்," என்றான் மருமகன்.

போர்க் காலத்தில் நம் நாட்டுப் பாதைகளில் பிரயாணஞ் செய்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, பொதியைச் சுமந்து, வரிசையில் நின்று, அட்டையைக் காட்டி, கேட்டதற்கு மாத்திரம் மறுமொழி சொல்லி, அப்பாற் போய் மீண்டும் ஏறிய நாட்கள் எத்தனையோ! ஒருநாள் ஒரு சாவடியில் என் மனைவியின் சமையற் பொதியிலிருந்த மிளகாய்த் தூளைக்கூடக் கம்பியாற் கிளறிப் பார்த்தார்கள். 2009இல் போர் முடிந்தது. பின்னர் சாவடிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. என் கை மட்டும் அதனை அறிந்துகொள்ளவில்லை போலும்.

அந்த உத்தியோகத்தர் இளைஞர். சாரதியின் பக்கக் கண்ணாடியருகே குனிந்து முதலில் "காலை வணக்கம்" என்றார். அவர் கையில் துவக்கு இல்லை. ஒரு சிறு கருவி இருந்தது. அதன் குழாயில் மருமகன் மூச்சை நீளமாக ஊதினான். கருவி எதையோ காட்டியது. பின்னர் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டார். மருமகன் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டினான். 2019 முதல் அனுமதிப்பத்திரத்தை அவ்வாறு காட்டவும் அங்கே வழியுண்டு. அதன்மேல் அவர் சில்லுகளைக் குனிந்து பார்த்தார். மாரிகாலத்தில் சில்லின் தவாளிப்பு குறைந்தது 3 மில்லிமீற்றர் ஆழம் இருத்தல் வேண்டும் என்பது விதி. எல்லாம் இரண்டு நிமிடத்துள் முடிந்தது. என் கையிலிருந்த அட்டையை அவர் கண்டார். கண்டும் ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல பிரயாணம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

"ஞாயிறு காலையில் யார் குடித்துவிட்டு வண்டியோட்டப் போகிறார்கள்?" என்று கேட்டேன்.

"சனி இரவு குடித்தவர்கள்தாம், மாமா," என்றான்.

மதுவருந்திய சாரதியின் குருதியில் இன்ன அளவுக்கு மேல் மதுசாரம் இருத்தலாகாது என்று சட்டத்தில் எண்ணிட்டு வரையறுத்த முதல் நாடு நோர்வே என்பர். அது 1936இல், ஆயிரத்துக்கு அரைப் பங்கு என்பது அன்றைய அளவு. 2001இல் அதனை ஆயிரத்துக்கு 0.2 ஆகக் குறைத்தார்கள். ஒரு போத்தல் பியர் குடித்தவரும் அந்த எல்லையைத் தாண்டக் கூடும். இரவு நன்றாகக் குடித்து உறங்கி எழுந்தவர், தமக்குத் தெளிந்துவிட்டது என்று நம்பிக் காலையில் வண்டியை எடுத்து அகப்படுவதும் உண்டாம்.

எனக்குப் புதுமையாகத் தோன்றியது வேறொன்று. அந்நாட்டின் 1965ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி ஒரு சாரதியை மறித்து ஊதச் சொல்வதற்குப் பொலிஸாருக்குச் சந்தேகம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவர் வண்டியோட்டுகிறார் என்பதே போதும். இதைக் கேட்டபோது முதலில் எனக்குத் திடுக்கிட்டது. பின்னர் ஒருவகை ஆறுதலும் உண்டாயிற்று. எங்களை மறித்த நாட்களில் நாங்கள் எதைச் செய்தோம் என்பதன்று, யார் என்பதே கேள்வியாயிருந்தது. இங்கே எனக்கு முன்னே ஊதியவர் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர். பின்னே ஊதியவள் ஓர் இளம்பெண்.

ஆயினும் அங்கே எல்லாம் அப்படியே என்று எழுதினால் அது பொய்யாகும். விசேஷ வீட்டில் இளைஞர் சிலரிடம் இதைப் புகழ்ந்து பேசினேன். அவர்கள் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். "பெரியப்பா, வீதிச் சோதனை வேறு, இரவிலே நகரத் தெருவில் எங்களைப் போன்றவர்களை மறித்து எங்கே போகிறாய் என்று கேட்பது வேறு," என்றான் ஒருவன். நிறம் பார்த்து மறிக்கிறார்கள் என்னும் முறைப்பாடு அங்கே பல்லாண்டுகளாக உண்டு. அதன் காரணமாக, மறிக்கப்பட்டவருக்கு இன்ன காரணத்துக்காக மறித்தோம் என்று பற்றுச்சீட்டுக் கொடுக்கும் ஏற்பாடொன்றை ஒஸ்லோவில் 2022இன் இறுதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். மறித்த அதிகாரி மறிக்கப்பட்டவனுக்குக் காரணம் எழுதிக் கொடுப்பது! எங்கள் தலைமுறை கனவிலும் கேட்டறியாத காரியம். அந்தப் பிள்ளையோ அதுவும் போதாது என்றான். நான் வாதிடவில்லை.

அனுமதிப்பத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையிற் பெற்ற பத்திரம் அங்கே குடியேறியவருக்கு மூன்று மாதத்துக்கே செல்லுபடியாகும். அதன்பின் மாணவனாக மீண்டும் தொடங்க வேண்டும்: எழுத்துப் பரீட்சை, இருளில் ஓட்டும் பாடம், முதலுதவி, வழுக்கும் களத்தில் வண்டியைச் சறுக்க விட்டு மீட்கும் பயிற்சி, இறுதியிற் செய்முறைப் பரீட்சை. ஊரிலே இருபது ஆண்டுகள் பஸ் ஓட்டிய ஒருவரை அந்த விசேஷ வீட்டிற் சந்தித்தேன். "மூன்று முறை தவறினேன், ஐயா. பஸ்ஸை ஓட்டத் தெரியும்; பாதசாரிக்கு நிற்கத் தெரியவில்லை," என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவர் செலவிட்ட பணத்தில் ஊரிலே ஒரு பழைய முச்சக்கர வண்டி வாங்கியிருக்கலாமாம்.

மறுநாள் திரும்பி வரும் வழியில் டோவ்ரே மலைப்பகுதியைக் கடந்து குட்பிரான்ஸ் பள்ளத்தாக்கில் இறங்கினோம். இருபுறமும் பனி போர்த்த மலை, நடுவே ஆறு, சிவப்பு மர வீடுகள். வழியில் ஓரிடத்தில் கமெரா இருப்பதை முன்கூட்டியே அறிவிக்கும் பலகை நின்றது. இரண்டு கமெராக்களுக்கிடையே எடுத்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணிக்கும் முறை அது. ஆகையால் கமெராவின் முன் மாத்திரம் நல்லபிள்ளையாய் இருப்பது பயன்படாது. மருமகன் அதைப் பக்குவமாகக் கடந்தான். கடந்த மகிழ்ச்சியிலோ என்னவோ, பின்னர் ஒரு சிற்றூரின் 60 எல்லையில் 73இல் ஓடி அகப்பட்டுக்கொண்டான். அங்கே கமெரா இல்லை. வளைவில் ஒரு பெண் உத்தியோகத்தர் வேகமானியுடன் நின்றார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. மருமகனும் காரணம் சொல்லவில்லை. ஒரு பத்திரம் வந்தது. அதனை ஏற்றுக் கையொப்பமிடலாம். மறுப்பதாயின் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். அவன் கையொப்பமிட்டான். மூன்று நாட் சம்பளம் போயிற்று. பணத்தைவிட அவனை வருத்தியது வேறொன்று. குற்றத்துடன் 2 புள்ளிகளும் அவன் கணக்கில் ஏறின. மூன்று ஆண்டுகளில் 8 புள்ளி சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு வண்டியோட்ட முடியாது. அவனுடைய வேலைத்தலத்துக்கு அதிகாலையிற் பஸ் இல்லை. ஆகவே அந்த எண்ணிக்கை அவனுக்குச் சம்பளத்திலும் பெரிது.

"ஏதாவது சொல்லிப் பார்த்திருக்கலாமே, தம்பி? வயோதிபர் ஒருவரை ஏற்றி வருகிறேன் என்றாவது," என்றேன் நான். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். நம் நாட்டிலே அப்படி ஏதாவது சொல்லித் தப்பிய கதைகளை நாம் திறமையென்று கூறிக்கொள்கிறோம். ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நம் வீதிகளில் இறப்பதை அக்கதைகளோடு சேர்த்து நினைப்பவர் குறைவு. நோர்வேயில் 1970இல் வீதி விபத்துக்களில் இறந்தோர் 560 பேர். 2020இல் வாகனங்கள் பன்மடங்கு பெருகியிருந்தும் 93 பேரே. நல்ல பாதைகள், உறுதியான வண்டிகள், ஆசனப் பட்டி ஆகியவற்றுக்கும் இதிற் பங்குண்டு. வளைவில் நின்ற அந்தப் பெண்மணியின் பங்கும் சிறிதன்று.

அதன்பின் மருமகன் 60 எல்லையில் 58க்கு மேலே போகவில்லை. பின்னால் வண்டிகள் நிரையாகச் சேர்ந்தன; அவன் பொருட்படுத்தவில்லை. பத்திரத்தை மனைவிக்கு எவ்வாறு காட்டுவது என்பதே அவனுடைய யோசனை. மியோசாக் கரையை மீண்டும் அடைந்தபோது இருட்டிவிட்டது. காலையில் நின்ற இடத்தில் ஒருவரும் இல்லை. வெறும் பனியின்மேல் சில்லுத் தடங்கள் மாத்திரம் வெளிச்சத்தில் தெரிந்தன. நான் அடையாள அட்டையை எடுத்துக் கைப்பெட்டியினுள்ளே, கடவுச்சீட்டுக்குக் கீழே வைத்தேன். ஒஸ்லோ வரும்வரை உறங்கிப் போனேன்.