இதற்கும் மஷூரா வேண்டும்



இக்கட்டுரையின் விடயம் பாலியல் சுகாதாரம். இதைக் கண்டவுடனேயே பக்கத்தைப் புரட்டிவிட நினைப்போர் உங்களில் இருக்கலாம். குடும்பத்தோடு வாசிக்கும் சஞ்சிகையில் இது எதற்கு என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். அரபுக் கல்லூரியில் ஓதி, இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வரும் ஒரு மௌலவிக்கு எழுத வேறு விடயம் கிடைக்கவில்லையா என்றும் கேட்கலாம். தயவு செய்து சற்று நேரம் பொறுத்திருந்து வாசியுங்கள். நான் சொல்ல வந்தது ஒன்றேதான். இவ்விடயத்தில் நாட்டுக்கு ஒரு திட்டம் வகுக்கப்படும் போது மக்களிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. அவ்வேளையில் நாம் வாய்மூடி இருந்துவிடக் கூடாது.

திட்டம் என்று எதைச் சொல்கிறேன்? நமது நாட்டில் எச்.ஐ.வி. தொற்றிய முதலாவது இலங்கையர் 1987ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டார். இன்று சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்புப் பிரிவு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை தேசிய மூலோபாயத் திட்டம் ஒன்றை வகுத்து வருகிறது. 2018 முதல் 2022 வரை ஒன்று. 2023 முதல் 2027 வரை மற்றொன்று. எந்த ஊரில் எந்தச் சேவை, யாரிடம் செய்தியைக் கொண்டு செல்வது, எதற்கு எவ்வளவு பணம் என்பதெல்லாம் இத்தகைய திட்டங்களில்தான் தீர்மானமாகின்றன. யாருடைய தேவை அதில் எழுதப்படவில்லையோ, அவர்களுக்கென்று ஐந்து வருடங்களுக்கு ஒன்றும் ஒதுக்கப்படுவதில்லை.

சனத்தொகையோடு ஒப்பிட்டால் இந்நோய் நம் நாட்டில் குறைவுதான். ஆயினும் புதிதாகக் கண்டறியப்பட்டோரின் தொகை 2021இல் 411 ஆக இருந்து 2022இல் 607 ஆக உயர்ந்தது. கொரோனாக் காலத்தில் பரிசோதனைகள் குறைந்திருந்ததும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாகலாம். என்றாலும் நிம்மதியாகத் தூங்கக் கூடிய எண்ணிக்கை அல்ல இது.

மறுபுறத்தில் மகிழ்ச்சிக்குரிய செய்தியும் உண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. இது எப்படிச் சாத்தியமாயிற்று? கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டியதால் சாத்தியமாயிற்று. வீடு வீடாக வந்து அவர்களை அழைத்த குடும்பநல மருத்துவிச்சிமாரால் சாத்தியமாயிற்று. அந்தத் தாய்மாரில் நம் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். பெண்ணிடம் பெண் வந்து பேசினால், தன் பிள்ளைக்கு நன்மை என்று புரிந்தால், நம் பெண்கள் ஒருபோதும் பின்னிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? என் அனுபவத்தில் அது நாக்கில் இருக்கிறது.

ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளை ஓதிய எவருக்கும் தெரியும். சுத்தம் பற்றிய பாடத்திலேயே மாதவிடாய், பிரசவத் தீட்டு, கடமையான குளிப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. மீசை அரும்பாத வயதில் வரிசையாக அமர்ந்து அவற்றை நாங்கள் உரத்து ஓதினோம். உஸ்தாத் முகத்திலும் வெட்கமில்லை, எங்கள் முகத்திலும் வெட்கமில்லை. நிகாஹ் பாடத்தில் கணவன் மனைவியரின் உரிமைகள் வந்தன. திருமணத்தை முறிக்க இடமளிக்கும் நோய்கள் வந்தன. அவற்றையும் ஓதிப் பரீட்சை எழுதினோம். ஆனால் அதே விடயத்தை மிம்பரில் நின்றோ, பாடசாலை வகுப்பில் நின்றோ தமிழில் சொல்லப் போனால் தொண்டை அடைத்துக் கொள்கிறது. அரபியில் அது இல்மு. தமிழில் அது அசிங்கம் என்று எப்படியோ ஆக்கி வைத்திருக்கிறோம். நம் மூதாட்டிமாருக்கு இந்தத் தொல்லை குறைவாகவே இருந்தது. அரபுத் தமிழ் நூல்களில் தொழுகைச் சட்டத்தோடு குளிப்பின் சட்டத்தையும் அவர்கள் தம் மொழியிலேயே வாசித்து விளங்கினார்கள்.

வெட்கம் ஈமானைச் சேர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெட்கம் கேள்வியைக் கொன்றுவிடவில்லை என்பதை நம் முன்னோரின் வரலாற்றில் காண்கிறோம். அலீ (ரழி) அவர்களுக்குத் தம் உடல் சம்பந்தமாக ஒரு சந்தேகம் இருந்தது. நபி (ஸல்) அவர்களின் மருமகனாக இருந்ததால் நேரில் கேட்க வெட்கப்பட்டார்கள். அதற்காகக் கேட்காமல் விட்டார்களா? மிக்தாத் (ரழி) அவர்களை அனுப்பிக் கேட்டுத் தெரிந்து கொண்டார்கள். வெட்கத்துக்கும் மரியாதை, கேள்விக்கும் பதில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இராக்காலத்தில் மதீனாவின் தெருக்களில் நடந்த உமர் (ரழி) அவர்கள், போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்து வாடும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டார்கள். அடுத்து அவர்கள் ஆலோசனை கேட்டது யாரிடம்? தளபதிகளிடம் அல்ல, தம் மகளாரான ஹப்ஸா (ரழி) அவர்களிடம். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். மகளார் வெட்கத்தால் தலை குனிந்து, விரல்களால் காலத்தைக் காட்டியதாக அறிவிப்பு உண்டு. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வந்துள்ளன. அதற்கு மேல் வீரர்களைக் களத்தில் தடுத்து வைக்கக் கூடாது என்பது ஆட்சியாளரின் உத்தரவாயிற்று. இன்றைய அரச அலுவலகப் பாஷையில் சொன்னால், மக்கள் கருத்தைக் கேட்டு வகுக்கப்பட்ட ஒரு தேசியக் கொள்கை அது. பேச நாணிய ஒரு பெண்ணின் விரல் அசைவு கூட அதில் கணக்கெடுக்கப்பட்டது.

நான்கு மாதம், ஆறு மாதம் என்று பேசப்பட்ட உம்மத்தில் இன்று இரண்டு வருட ஒப்பந்தத்தில் கணவன்மார் கடல் கடந்து போகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வயிறும் வீடும் சீதனக் கடனும் அவர்களைத் தள்ளுகின்றன. ஆனால் இந்தப் பிரிவின் சுமையை நம் ஊர்களில் யார் கணக்கெடுத்தார்கள்?

சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் தாய் என் மனைவியைத் தேடி வந்தார். அடுப்படியில் நெடுநேரம் இருவரும் பேசிக் கொண்டிருந்தார்கள். பிறகு என் மனைவி என்னிடம் வந்து கேள்வியை மட்டும் சொன்னார். வளைகுடா நாட்டில் இருந்த கணவன் தவணை முடியுமுன் திடீரென்று திரும்பி வந்துவிட்டார். காரணம் கேட்டால் சொல்கிறார் இல்லை. அந்நாடுகளில் தொழில் செய்யப் போவோருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு, தொற்று இருந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பது அப்பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. "ராத்தா, அவர் போய் இரத்தம் சோதிச்சுக் காட்டும் வரைக்கும் நான் ஒதுங்கி இருந்தா மலக்குமார் என்னைச் சபிப்பாங்களா? மௌலவிக்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

வாசகர்களே, அந்தக் கேள்வியின் பாரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் உயிர்ப் பயம். மறுபக்கம் மறுமைப் பயம். கேட்பதற்குக் கிளினிக் இருக்கிறது, ஆனால் அங்கே போனால் ஊர் பேசும். கேட்பதற்கு வைத்தியர் இருக்கிறார், ஆனால் மலக்குமாரைப் பற்றி வைத்தியரிடம் கேட்க முடியாது.

தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. நியாயமான அச்சம் இருக்கும் போது பரிசோதனை முடியும் வரை விலகி இருப்பது அவருடைய உரிமை, அதில் பாவமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியம் காக்கப்படும், ஒழுங்காக மருந்து எடுத்து இரத்தத்தில் வைரசு தென்படாத நிலைக்கு வந்தவரிடமிருந்து தாம்பத்தியத்தின் மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை என்பதையும் என் மனைவி விளங்கப்படுத்தினார். அவர்கள் இருவரும் பரிசோதனைக்குப் போனார்கள். முடிவு என்ன என்பதை நான் எழுதப் போவதில்லை. அது அவர்களுடைய அமானிதம்.

இது நடந்து ஏழெட்டு மாதங்களின் பின், சுகாதாரத் திட்டம் ஒன்று பற்றிக் கருத்துக் கேட்பதற்காக ஊர்ப் பிரமுகர்களை ஓர் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். பதினான்கு பேர் போயிருந்தோம். பதினான்கு பேரும் ஆண்கள். பாலியல் நோய் பற்றிய பகுதி வந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். "நம்மட ஊருக்கு இந்தப் பிரச்சினை இல்ல, அடுத்ததுக்குப் போங்க" என்றார். பலரும் தலையசைத்தார்கள். எழுதிக் கொண்டிருந்தவரின் பேனை அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தது. நான் எழுந்து, பெண்களுக்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள், பெண் உத்தியோகத்தர்களை அனுப்புங்கள், அதுவரை அந்த இடத்தை வெற்றிடமாக விடுங்கள் என்று கேட்டுக் கொண்டேன். பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு அப்படியொரு கேள்வி வந்ததே இல்லை. அடுப்படியில் கேட்கப்படும் கேள்வி கூட்ட மண்டபத்துக்கு வருவதில்லை அல்லவா?

மதப்பற்றுள்ள மக்கள் இத்தகைய கருத்துக் கேட்பில் கலந்து கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்கொட்லாந்து ஓர் உதாரணம். அங்கே 2003 நவம்பரில் அரசு பாலியல் சுகாதாரத் திட்டத்தின் நகல் ஒன்றை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. கத்தோலிக்கத் திருச்சபை அந்நகலைக் கடுமையாக விமர்சித்தது. வைத்தியர்களும் பெற்றோரும் இளைஞர் அமைப்புகளும் தத்தம் கருத்தை முன்வைத்தார்கள். 2005 ஜனவரியில் இறுதித் திட்டம் வந்தது. நகலின் தலைப்பு பாலியல் நல்வாழ்வை மேம்படுத்துவது பற்றியதாக இருந்தது. இறுதித் திட்டத்தின் தலைப்போ "மரியாதையும் பொறுப்பும்" என்றிருந்தது. தன்னை மதித்தல், பிறரை மதித்தல், உறுதியான உறவுகள் என்பவை அதன் அடிப்படைகளாக எழுதப்பட்டன. எல்லாத் தரப்பின் எல்லா விருப்பமும் அதில் நிறைவேறவில்லை. ஆனால் பேசியவர்களின் சொற்கள் அரசின் ஏட்டில் இடம்பிடித்தன.

அது கிறிஸ்தவர்களின் நாடு என்று சொல்வோருக்கு உகண்டாவைக் காட்டுகிறேன். எயிட்ஸ் பெருந்தொகையானோரைக் கொண்டு போன நாடு அது. அங்குள்ள முஸ்லிம் வைத்தியர்கள் 1988இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1992இல் இமாம்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு இமாமுக்கும் துணையாக ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நியமித்து, பள்ளிவாசலிலிருந்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆணுறை பற்றிப் பேச இமாம்கள் முதலில் மறுத்தார்கள். வைத்தியர்கள் கோபிக்கவில்லை, உட்கார்ந்து பேசினார்கள். கற்பொழுக்கமே முதலாவது என்பதை விட்டுக் கொடுக்காமல், நோயுற்ற கணவனிடமிருந்து மனைவியைக் காப்பது போன்ற நிலைமைகளுக்கு அதன் தேவையை இமாம்கள் ஏற்றுக் கொண்டார்கள். 1998இல் ஐ.நா. எயிட்ஸ் அமைப்பு இதனைப் பிற நாடுகளுக்கு முன்மாதிரியாகப் பிரசுரித்தது.

நாம் என்ன சொல்லலாம்? சொல்ல நிறைய இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது பெண் வைத்தியர் இருக்கும் ஏற்பாடு கேட்கலாம். 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடந்து வரும் சுகவனிதையர் கிளினிக்குக்கு நம் பெண்கள் கூச்சமின்றிப் போகிறார்கள். பல நோய்க்கும் ஒரே வாசல் என்பதால் யாரும் எதையும் ஊகிக்க முடிவதில்லை. இந்தச் சேவையையும் அப்படியொரு வாசலால் தாருங்கள் என்று கேட்கலாம். வெளிநாடு போவோருக்கும் திரும்பி வருவோருக்கும், அவர்களின் மனைவிமாருக்கும் ஆலோசனை கேட்கலாம். பாடசாலைப் பாடத்தைப் பெற்றோர் முன்கூட்டியே பார்க்க வழி கேட்கலாம். 2017இல் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி வந்த போது, விளக்கிச் சொல்ல ஊரில் ஆளில்லாததால் தயங்கிய பெற்றோரை நான் அறிவேன். தமிழில், விளங்கும் தமிழில், எழுதித் தாருங்கள் என்றும் கேட்கலாம்.

ஹராம், ஹலால் பற்றிய நம் நிலைப்பாட்டை எவருக்காகவும் மறைக்க வேண்டியதில்லை. அதனையும் மரியாதையோடு எழுதுவோம். ஆனால் நோயாளி எப்படி நோயாளியானார் என்று விசாரிப்பது வைத்தியசாலையின் வேலையல்ல, பள்ளிவாசலின் வேலையுமல்ல. அடியானின் குறையை மறைப்பது நமக்குக் கட்டளையிடப்பட்ட ஒழுக்கம்.

நடப்புத் திட்டத்தின் காலம் 2027உடன் முடிகிறது. அடுத்த திட்டத்துக்கான அழைப்பு உங்கள் ஊருக்கு வந்தால், பள்ளிவாசல் நிருவாகத்தினரே, ஆண்களை மட்டும் அனுப்பிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆசிரியைமாரையும் மருத்துவிச்சிமாரையும் குடும்பத் தாய்மாரையும் தனியாகக் கூட்டுங்கள். பேச வெட்கப்படுவோர் பெயரில்லாமல் ஒரு துண்டில் எழுதிப் போடட்டும். சகோதரிகளே, உங்களுக்குப் போக வசதியில்லையெனில் நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள். எழுதிய துண்டைப் பிரித்துத் திருத்தாமல் அப்படியே கையளிக்கச் சொல்லுங்கள்.

நம் இல்லங்களை நோயிலிருந்தும் அவமானத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் காப்பானாக. கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவையும், கேட்டவருக்கு இரக்கத்தோடு பதில் சொல்லும் இதயத்தையும் நம் அனைவருக்கும் தருவானாக.