இயந்திரமும் மனிதனும்

இயந்திரத்தை ஆக்குபவன் பொறியியலாளன். அதனை இயக்கும் மனிதரையும் அதற்கு வேண்டிய முதலையும் நெறிப்படுத்துபவன் முகாமையாளன். கைத்தொழிலுலகு நெடுங்காலமாக இவ்விருவரையும் வெவ்வேறு பீடங்களிலே பயிற்றி வந்துள்ளது. வரைபடத்திலே குறையற்று விளங்கும் பொருள் தொழிற்சாலையிலே செய்தற்கு அரிதாகிவிடுவதும், கணக்கேட்டில் இலாபமாகத் தோன்றும் முடிவு இயந்திரத்தைப் பாழாக்கிவிடுவதும் இப்பிரிவினையின் விளைவுகளே.

இதன் விலையை ஐக்கிய அமெரிக்கா 1980களில் உணர்ந்தது. யப்பானிய மோட்டார் வண்டிகளும் இலத்திரனியற் பொருள்களும் அதன் சந்தையிலே பெருகின. உற்பத்தித்திறனின் தளர்ச்சியை ஆராய மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் 1986இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1989இல் நூலாக வெளிவந்தது. இதற்கிடையே, 1988இல், அந்நிறுவகத்தின் பொறியியற் பீடமும் சுலோன் முகாமைத்துவக் கல்லூரியும் கைத்தொழில் நிறுவனங்களுடன் இணைந்து, உற்பத்தித்துறைத் தலைவர்களை உருவாக்கும் கற்கைநெறி ஒன்றைத் தொடக்கின. 2009இல் பெயர் மாற்றம் பெற்ற அந்நெறியிலே, மாணவர் இரண்டாண்டுகளில் பொறியியலிலும் முகாமைத்துவத்திலும் முதுமாணிப் பட்டங்களைப் பெறுகின்றனர்.

எனினும், பட்டங்களின் எண்ணிக்கையிலன்று இதன் சிறப்பு. மாணவர் ஏறத்தாழ ஆறு மாதங்களை ஒரு நிறுவனத்திலே கழித்து, அங்குள்ள உண்மைப் பிரச்சினை ஒன்றையே தம் ஆய்வேட்டின் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். ஜோன் லிற்றில் என்பார் 1961இல் நிறுவிய விதியை இங்கு எடுத்துக்காட்டலாம். ஒரு பட்டறைக்கு மணிக்கு 5 வேலைகள் வந்து, ஒவ்வொன்றும் சராசரியாக 4 மணி நேரம் தங்குமாயின், சராசரியாக 20 வேலைகள் அங்கே முடிவுறாது நிற்கும். வகுப்பறையில் இஃது ஒரு வரிக் கணக்கு. தொழிற்சாலையிலோ, அத்தேக்கத்தின் காரணத்தைத் தேடிச் செல்லும் மாணவன், பழுதுற்ற கருவியையோ, தெளிவற்ற கட்டளையையோ, எவரும் செவிசாய்க்காத தொழிலாளி ஒருவரின் முறைப்பாட்டையோ எதிர்கொள்ள நேரிடும்.

இவ்விடத்திலேதான் இக்கல்வியின் உண்மையான சோதனை தொடங்குகின்றது. இரு துறைகளையும் ஒருங்கே அறிந்தோர் முன்னரும் இருந்தனர். 1911இல் விஞ்ஞான முகாமைத்துவம் பற்றிய நூலை வெளியிட்ட பிரெடெரிக் ரெயிலர் பொறியியலாளரே. வேலையைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குமான நேரத்தை அவர் அளந்தார். சிந்திக்கும் பணியை முகாமையாளரிடமும் செய்யும் பணியைத் தொழிலாளரிடமும் விட்டார். ரொயோட்டா தொழிற்சாலைகளிலோ, குறை கண்ட தொழிலாளியே உற்பத்தி வரிசையை நிறுத்தலாம். முன்னைய முறையிலே தொழிலாளி அளக்கப்படுபவன். பின்னையதிலே அவன் அறிபவனுமாவான்.

ஆகவே, இரு கல்விகளும் ஒருவரிடம் சேர்வதனால் மாத்திரம் நன்மை விளைந்துவிடாது. இயந்திரத்தின் நுட்பத்தையும் முதலின் கணக்கையும் ஒருங்கே அறிந்தவனின் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறுவோர் அரியர். அவ்வாறாயின், அவன் முதலிற் பெறவேண்டிய பயிற்சி யாது? அந்த ஆறு மாதங்களில், இயந்திரத்தின் அருகே நிற்பவர் சொல்வதைக் கேட்கப் பழகுதலே அது. அப்பழக்கம் வாய்க்காதவனிடம் இரட்டைப் பட்டம் இரட்டை அதிகாரமாக மட்டுமே எஞ்சும்.