ரோஸ் வலானின் குறிப்பேடு

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். தபால் வரவு, தபால் செலவு, கோப்பு எண், தேதி. "எழுதி எழுதி என்னத்தைக் கண்டீர்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஒன்று உண்டு: ரோஸ் வலான்.

புதுவையில் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு வகுப்பில் நெப்போலியனைச் சொல்லித் தந்தார்கள், இந்த அம்மாளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 1961இல் அவரே எழுதிய 'லெ ஃப்ரோன் த லார்' புத்தகம் பல வருடம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது.

பாரீசில் ழே தெ போம் என்றொரு சிறிய ஓவியக் கூடம். வலான் அங்கே பல வருடம் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தவர். 1940இல் ஜெர்மானியர்கள் பாரீசைப் பிடித்ததும், யூதக் குடும்பங்களின் வீடுகளிலிருந்து பறித்த ஓவியங்களைக் குவித்து வைக்கும் கிடங்காக அந்தக் கூடத்தை ஆக்கிக்கொண்டார்கள். கோரிங் பலமுறை வந்து தனக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு போனார். லூவ்ரின் பொறுப்பில் இருந்த ழாக் ழோழார், "எப்படியாவது அங்கேயே இருங்கள்" என்று வலானுக்குச் சொல்லியிருந்தார்.

அவருக்கு ஜெர்மன் புரியும். அது அவர்களுக்குத் தெரியாது. எந்த ஓவியம், யாருடையது, எந்தப் பெட்டி, எந்த ஊருக்கு என்று காதில் விழுந்ததையும் குப்பைக் கூடையில் கிடைத்ததையும் நான்கு வருடம் குறித்து வைத்தார். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். ஆயுதம் எதுவும் இல்லை; பேனாவும் பொறுமையும்தான்.

1944 ஆகஸ்டில் கடைசி ஓவியங்களை ரயிலில் ஏற்றினார்கள். வலான் கொடுத்த தகவலால் ரயில்வே ஊழியர்கள் வண்டியை நகரவிடாமல் இழுத்தடித்தார்கள். பாரீஸ் விடுதலையான கையோடு பிரெஞ்சுப் படையினர் அதைக் கைப்பற்றினர். மற்றவை எங்கே போயின என்பதும் அவர் குறிப்பில் இருந்தது. பவேரியாவின் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில் அவை அடுக்கடுக்காகக் கிடைத்தன. போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து சுமார் 60,000 கலைப்பொருட்கள் பிரான்சுக்குத் திரும்பின. ஏறக்குறைய 45,000 உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

போரே இல்லாத திருட்டிலும் இதே கதைதான். விருத்தாசலம் கோயில் அர்த்தநாரீசுவரர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பி வந்தார். அவர் நம் ஊர்க்காரர் என்று சாட்சி சொன்னது, எங்கள் புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1974இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம். எடுத்தவர் என்றைக்கோ ஒருநாள் உதவும் என்று நினைத்திருப்பாரா? படத்தை எடுத்தார், எண் போட்டார், பத்திரப்படுத்தினார். அவ்வளவுதான்.

ஆனால் எழுத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் 2,000 ஓவியங்களும் பிற பொருட்களும் இன்னமும் பிரான்சின் அருங்காட்சியகங்களின் பராமரிப்பில் இருக்கின்றன. கேட்டு வர யாரும் இல்லை. சொந்தக்காரர்கள் பலர் வதை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள். பெட்டி எங்கே போனது என்று வலானின் குறிப்பேடு சொல்லிவிட்டது. மனிதர்களைத் திரும்பக் கொண்டுவர அதனால் முடியவில்லை.

ஆனாலும், இது இன்னாருடையது என்று ஒரு வரி எழுதி வைக்காவிட்டால், அப்படி ஒரு குடும்பம் இருந்தது என்பதற்கே சாட்சி இருக்காது. பதிவேடு எழுதும் பிள்ளைகளே, அலுத்துக்கொள்ளாமல் எழுதுங்கள்.