ரெண்டு லெட்

முதல் வெளிநாட்டுப் பயணம். இமிக்ரேஷனில் என்னை மட்டும் ஓரமா ஒரு பெஞ்சுல உட்கார வச்சுட்டாங்க. பொழுது போகாம பாஸ்போர்ட்டையே படிச்சேன். இவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போகவிடுங்கன்னு ஜனாதிபதி பேரால கேட்டிருக்கு. லெட்னா விடுறதாச்சே, 'விடாம' எப்படிப் போறது? அச்சுப் பிழையோ? :-)

ஊருக்கு வந்து அகராதியைப் புரட்டினா, அது வேற லெட்! பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு இருந்த சொல்லில் நெடில். தடுப்பதற்கு இருந்த சொல்லில் குறில். நாளாவட்டத்தில் நெடில் குறுகி ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. தடுக்கிற லெட், நாம சொல்ற 'லேட்'டுக்குச் சொந்தக்காரன். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்ல அந்த அர்த்தத்துல வருது. அப்புறம் வழக்கொழிஞ்சு, இப்ப பாஸ்போர்ட்லயும் டென்னிஸ் மாதிரி ஆட்டங்கள்லயும் ஒட்டிக்கிட்டிருக்கு. சர்வீஸ் பந்து வலையை உரசிட்டு சரியான கட்டத்துல விழுந்தா 'லெட்', அதாவது தடை. மறுபடி போடணும்.

அன்னிக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு, காரணம் எதுவும் சொல்லாம முத்திரை குத்தி அனுப்பினாங்க. ரெண்டு லெட்டும் ஒரே ஆபீசர் கையால!

அம்மாகிட்ட போன்ல 'விட்டுட்டாங்கம்மா'ன்னு மட்டும்தான் சொன்னேன். தடுத்ததைச் சொல்லலை.