எமுலேட்டருக்குக் காசு கேட்கலாமா?

பழைய வீடியோ கேம் ரசிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் சண்டை மூட்டிவிட ஆசையா? "எமுலேட்டர் எழுதுகிறவர் அதற்குக் காசு கேட்டால் தப்பா?" என்று கேட்டுவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். பாதிப் பேர் "உழைப்புக்குக் கூலி வேண்டாமா?" என்பார்கள். மீதிப் பேர் "அடுத்தவன் செய்த கேமை வைத்து இவன் காசு பார்ப்பதா?" என்று குதிப்பார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கணினியை இன்னொரு இயந்திரம் போல நடிக்க வைக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். பிளேஸ்டேஷனுக்காக எழுதிய கேம் விண்டோஸ் கணினியில் அப்படியே ஓடாது. இரண்டின் பிராசஸரும் வேறு வேறு பாஷை பேசுபவை. எமுலேட்டர் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்கிறது. படம் வரையும் சிப், சத்தம் போடும் சிப் இவற்றின் வேலையையும் தானே செய்து காட்டுகிறது. அந்தச் சிப்புகள் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று கம்பெனிகள் ஊருக்குச் சொல்வதில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏதோ ஒரு கேமில் ஒரு நிழல் இடம் மாறி விழுந்தால் அதற்கே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். ஆக, உழைப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேம் வேறு, எமுலேட்டர் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. எமுலேட்டருக்குள் கேம் எதுவும் கிடையாது.

காசு வாங்கினால் சட்டப்படி குற்றமா? இதற்கு அமெரிக்காவில் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. ஜனவரி 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் "விர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்" என்ற எமுலேட்டரை மேக் கணினிக்காக வெளியிட்டது. விலை 49 டாலர். பிளேஸ்டேஷன் அப்போது கடைகளில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த காலம். சோனி சும்மா இருக்குமா? அதே மாதம் வழக்குப் போட்டது. பிளேஸ்டேஷனுக்குள் இருக்கும் பயாஸ் நிரலைக் கனெக்டிக்ஸ் ஆட்கள் நகலெடுத்து ஆராய்ந்தது உண்மைதான். ஆனால் விற்பனைக்கு வந்த பொருளில் சோனியின் நிரல் இல்லை. எல்லாம் சொந்தமாக எழுதியது. பிப்ரவரி 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆராய்ச்சி நியாயமான பயன்பாடுதான் என்று சொல்லிவிட்டது. 49 டாலருக்கு விற்கிற சரக்கு என்பது நீதிபதிகளுக்குத் தெரியாமல் இல்லை!

அதே 1999-ல் "ப்ளீம்" என்று இன்னொன்றும் வந்தது. ரேண்டி லிண்டன், டேவிட் ஹெர்போல்ஷைமர் என்று இரண்டே பேர் ஆரம்பித்தது. விண்டோஸ் கணினிக்கு வந்த இதுவும் விலைக்குத்தான். இவர்கள் மீதும் சோனி வழக்குப் போட்டது. விளம்பரத்தில் பிளேஸ்டேஷன் கேம் படங்களைப் போட்டதற்கான வழக்கில் 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ப்ளீம் பக்கமே நின்றது. ஆனால் வக்கீலுக்குக் கொடுத்தே கஜானா காலி. நவம்பர் 2001-ல் கடையைச் சாத்தினார்கள்.

கனெக்டிக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. நீதிமன்றத்தில் கைநழுவியதைச் சோனி 2001-ல் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. வாங்கி? விற்பனையை நிறுத்தியது. அவ்வளவுதான். சந்தையில் போட்டியாக நின்றவனின் சரக்கை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் போட்டுப் பூட்டிய மாதிரி.

இரண்டிலும் நிரல் மூடி வைத்த நிரல். நிறுவனத்தோடு வேலையும் போய்விட்டது. யாரும் அதை எடுத்து மேலே வளர்க்க முடியவில்லை. அதே காலத்தில் "பிசிஎஸ்எக்ஸ்" என்ற இலவச பிளேஸ்டேஷன் எமுலேட்டரும் கிளம்பியது. அதன் நிரல் திறந்து கிடந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்தார், பெயர் மாறியது, கிளை பிரிந்தது, செல்பேசிச் சிப்புக்கு ஏற்ற ஒரு வடிவமும் வந்தது. அதன் பெயர் "பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட்". டிசம்பர் 2018-ல் சோனி "பிளேஸ்டேஷன் கிளாசிக்" என்ற குட்டிப் பெட்டியை 20 கேம்களோடு 100 டாலருக்கு விற்றதே, அதற்குள் ஓடியது இதே ரீஆர்ம்ட்தான்! எமுலேட்டருக்காக நீதிமன்றப் படி ஏறிய அதே சோனி. உரிமம் அனுமதிக்கிறது, அதனால் தப்பு ஒன்றும் இல்லை. சிரிப்பதற்கும் தடை இல்லை :)

ஆகவே காசு கேட்பது பெரிய பாவம் இல்லை. நிரலைப் பூட்டி வைப்பதில்தான் ஆபத்து அதிகம். காசு கொடுத்து வாங்கியவனுக்கு நாளைக்குக் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே யூசு கதையை இழுப்பவர்கள் உண்டு. நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரான அது, புதுப் பதிப்புகளை மாதச் சந்தா கட்டியவர்களுக்கு முதலில் கொடுத்து வந்தது. பிப்ரவரி 2024-ல் வழக்கு, மார்ச்சில் 24 லட்சம் டாலருக்குச் சமரசம், கதை முடிந்தது. ஆனால் ஸ்விட்ச் அப்போது பழைய பெட்டி இல்லை, கடையில் விற்றுக்கொண்டிருந்தது. பூட்டை உடைத்தது பற்றிய புகாரும் சேர்ந்தே இருந்தது. முப்பது வருஷம் முன்னால் உற்பத்தி நின்ற பெட்டிக்கு இதை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

காசு கேட்பதில் நிஜமான சிக்கல் வேறு. யாருக்குப் போகும் அந்தக் காசு? 1997-ல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய "மேம்" பழைய ஆர்கேட் இயந்திரங்களுக்கானது. எத்தனையோ பேர் சம்பளம் இல்லாமல் எழுதியது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பல வருஷம் உரிமத்திலேயே இருந்தது. 2016-ல் அதை மாற்றுவதற்கு எழுதியவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. அப்படி ஊர் கூடி இழுத்த தேருக்கு ஒருவர் மட்டும் டிக்கெட் போட்டால் மற்றவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இதற்கு ஹென்ரிக் ரைட்கார்ட் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். 2012-ல் வந்த அவருடைய பிஎஸ்பி எமுலேட்டர் "பிபிஎஸ்எஸ்பிபி"யின் நிரல் திறந்திருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. "கோல்ட்" என்று ஒரு பதிப்பைக் காசுக்கும் விற்கிறார். கேம் ஓடுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. ஐகான் தங்க நிறம். பிடித்தவன் கொடுக்கிறான், முடியாதவன் விளையாடுகிறான்.

திறந்து வைத்தால் எவனோ தூக்கிக்கொண்டு போவான் என்ற பயம் பொய் இல்லை. ஏப்ரல் 2024-ல் ஆப்பிள் ஐபோனில் எமுலேட்டர்களை அனுமதித்தவுடன், ரைலி டெஸ்டட் பல வருஷம் முன்பு திறந்து வைத்த "ஜிபிஏ4ஐஓஎஸ்" நிரலை எடுத்து, விளம்பரம் சேர்த்து, யாரோ ஆப் ஸ்டோரில் ஏற்றிவிட்டார்கள். ஆப்பிள் சீக்கிரமே அதைத் தூக்கியது. அடுத்த சில நாட்களில் டெஸ்டட் தன்னுடைய "டெல்டா"வை வெளியிட்டார், விளம்பரம் இல்லாமல், இலவசமாக. கொடுக்க நினைப்பவர்கள் பேட்ரியானில் கொடுக்கலாம்.