ரோபோ கைலாயம் போன கதை

ஜயண்ட் ரோபோ செத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அதிலும் ஒருவன் சொன்னதை இன்னொருவன் அப்படியே சொன்னதில்லை.

ஜப்பானில் 1967 அக்டோபரில் தொடங்கி 1968 ஏப்ரலில் முடிந்த டிவி தொடர் அது. மொத்தம் 26 பகுதிகள். மிட்சுதேரு யோகோயாமா வரைந்த படக்கதையிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்கர்கள் அதற்கு ஆங்கிலக் குரல் கொடுத்து, டைசாகு என்ற பையனுக்கு ஜானி சோக்கோ என்று பேரும் வைத்தார்கள். எங்களிடம் வந்து சேர எண்பதுகள் ஆயிற்று, தூர்தர்ஷன் தயவில். எங்கள் திற்பரப்பு, குலசேகரம் பக்கமெல்லாம் ஆன்டெனாவின் முகம் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் இருக்கும். 1956-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். 1985-லிருந்து டிவியில் கேட்டதோ மலையாளச் செய்தி. வீட்டில் யாருக்கும் அது அந்நியமாகவும் படவில்லை.

டிவி எல்லா வீட்டிலும் கிடையாது. ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வீட்டில் கெல்ட்ரான் டிவி இருந்தது. முற்றத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனால் சிமென்ட் தரையில் இடம் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் படம் முழுக்கப் புள்ளி விழும். ஒருத்தன் மொட்டைமாடியில் ஏறி கம்பியைத் திருப்புவான், இன்னொருத்தன் ஜன்னலில் நின்று கத்துவான்: "ஆ... வந்திட்டு... வந்திட்டு... ஐயோ போச்சு, இந்தப் பக்கம் திருப்புலே!" மாடியில் நிற்கிறவனுக்குப் படம் பார்க்கும் யோகம் இல்லை. அதனால் முறைவைத்து ஏறினோம்.

ஆங்கிலப் பேச்சு புரியாது. கதை புரிந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த கில்லட்டின் பேரரசன் கடலுக்கடியில் கப்பலோடு ஒளிந்திருக்கிறான். அவனுடைய ஆட்கள் ஒரு விஞ்ஞானியைப் பிடித்து வைத்து ராட்சத ரோபோ ஒன்றைச் செய்ய வைக்கிறார்கள். அவர் வைத்த அணுகுண்டு வெடிக்க, அந்தச் சக்தியிலேயே ரோபோவுக்கு உயிர் வருகிறது. அதை இயக்கும் கைக்கடிகாரத்தில் முதலில் பேசியவன் ஜானி என்பதால் அவன் குரலுக்கு மட்டும் கட்டுப்படுகிறது. முகம் எகிப்து அரசர் சிலை மாதிரி இருக்கும், அசையாது. விரல் நுனியிலிருந்து ஏவுகணை பறக்கும். வாரத்துக்கொரு பூதத்தை அடித்துப்போடும்.

மறுநாள் எங்கள் எல்லோர் மணிக்கட்டிலும் தென்னோலை வாட்ச். திற்பரப்பு அருவிக்கு மேலே தடுப்பணை வரைக்கும் கோதையாற்றுப் படுகை ஒரே பாறை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றிவிட்டால் கால் கிலோமீட்டருக்குக் காய்ந்து கிடக்கும். அதுதான் எங்களுக்கு வேற்றுக்கிரகம். இடதுகரையில் கோட்டைச் சுவர் மாதிரி மதில் சூழ்ந்த மகாதேவர் கோயில் நிற்கும். சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடி வருகிற பன்னிரண்டு சிவாலயங்களில் அது மூன்றாவது. ரப்பர் மரத்துச் சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து உரித்துச் சுற்றினால் நல்ல பந்து கிடைக்கும். தரையில் அடித்தால் தென்னை உயரம் எழும்பும். அதுதான் ஏவுகணை. பால்வெட்டுக்காரர் துரத்துவார். கில்லட்டின் வேஷத்துக்கு யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதால் அந்தப் பதவி அவருக்கே போயிற்று. அவருக்கு அது தெரியாது.

கடைசிப் பகுதி வந்தது. கில்லட்டின் மலைபோல வளர்ந்து நிற்கிறான். என் உடம்பெல்லாம் அணுசக்தி, அடித்தீர்களானால் பூமியே போய்விடும் என்று மிரட்டுகிறான். ஜானி செய்வதறியாமல் நிற்கிறான். அதுவரை சொன்னதை மட்டுமே செய்துவந்த ரோபோ, யாரும் சொல்லாமலே நகர்கிறது. பேரரசனைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வானத்தில் ஏறுகிறது. திரும்பி வா என்று பையன் கடிகாரத்தில் கதறுகிறான். அது கேட்கவில்லை. விண்வெளியில் ஒரு எரிகல்லோடு மோதி இரண்டு பேரும் அழிகிறார்கள். ஆணைக்கென்றே செய்த இயந்திரம் முதன்முறை ஆணையை மீறியபோது கதை முடிந்தது.

பின்னால் சுஜாதாவின் கதையில் ஜீனோவைப் படித்தபோது, நாய் வடிவில் வந்த அந்த இயந்திரமும் சொந்தமாக யோசிக்கத் தொடங்கியதில் எனக்கு வியப்பே வரவில்லை.

கடைசிப் பகுதி ஓடிய அன்றைக்கு மின்சாரம் பாதியில் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு மட்டும்தான். ஆற்றுக்கு அக்கரைப் பையன்கள் முழுதும் பார்த்துவிட்டார்கள். மறு ஒளிபரப்பு கிடையாது, கேசட் கிடையாது. விட்டது விட்டதுதான். மறுநாள் குளிக்கப் போன இடத்தில் அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டோம். ரோபோ தலை திருப்பி ஜானியைப் பார்த்தது என்றான் ஒருவன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது என்றான் இன்னொருவன். கை மட்டும் கடலில் வந்து விழுந்தது என்று மூன்றாமவன் சத்தியம் செய்தான். எங்களுக்கு மூன்றும் வேண்டியிருந்தது.

வீட்டில் பாட்டாவுக்கு நான் சொன்னது இந்த மூன்றையும் சேர்த்த கதை. அவர் வில்லுப்பாட்டுப் பிரியர். எந்த ஊரில் கோயில் கொடை என்றாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். 1963-ல் வந்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்தார் பானுமதியைத் தூக்கிப் போக, எம்.ஜி.ஆர் மீட்டு வந்ததையும் பார்த்தவர் என்பதால், வானத்திலிருந்து ஆள் வருவது அவருக்குப் புதிதில்லை. வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவி மடித்தபடியே கேட்டார்.

"ராட்சசனையும் தூக்கிட்டுப் போனானா?"

"ஆமா பாட்டா. செத்துப் போச்சு."

"சாவு என்னத்துக்கு மக்கா. கைலாசத்துக்குப் போயிருக்கும். வரம் வாங்கிட்டு வரும், பாத்துக்கோ."

அவருக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் அப்படித்தான். அடுத்தவருக்காக உயிர்விட்டவன், அநியாயமாக வெட்டுப்பட்டவன் எல்லாம் கைலாயம் போய், ஈசனிடம் வரம் வாங்கி, இதே மண்ணுக்குத் தெய்வமாகத் திரும்புவார்கள். அவர்களுக்குப் பீடம் போட்டுப் பொங்கல் வைக்க வேண்டும். சாவோடு கதையை நிறுத்தினால் எங்கள் பக்கத்துப் புலவருக்குப் பாதிக் கூலிதான் கிடைக்கும். திற்பரப்புக் கோயில் வீரபத்திரரும் ஆணை நிறைவேற்றப் பிறந்தவர்தானே? தட்சனுடைய யாகத்தை அழிக்கச் சிவன் உண்டாக்கிய உருவம். அவர் வேலை முடிந்து அழிந்துபோகவில்லை, இங்கே வந்து அமர்ந்துவிட்டார் என்பது ஊரின் நம்பிக்கை. பாட்டாவுக்கு ரோபோவை அந்த வரிசையில் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது அந்த 26 பகுதிகளும் கைபேசியில் கிடைக்கின்றன. கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்த்தேன். பொம்மை டாங்கிகள், அட்டைக் கட்டிடங்கள், ரப்பர் உடைக்குள் வியர்க்கிற மனிதர்கள். ரோபோ அழவில்லை, கையும் விழவில்லை. நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், மறுபடி சாகடிக்கலாம். யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதே இல்லை. அக்கரைப் பையன்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். பாட்டா போய் வெகுகாலமாயிற்று. அந்தக் கெல்ட்ரான் எந்த இரும்புக்கடைக்குப் போனதோ.

ஜப்பான்காரர்கள் எழுதிய முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல முடிவுதான். ஆனால் அதில் ரோபோவுக்குத் திரும்பி வர வழியில்லை. யாராவது கேட்டால் நான் பாட்டாவின் முடிவைத்தான் சொல்கிறேன்.