பெண்பிள்ளைகளுக்கு ஏன் பலன் கிடைக்கவில்லை?

ரொறொன்ரோவில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு தாய் பள்ளிக்கூடக் கடிதமொன்றைக் கொண்டுவந்தார். மகளைச் சமூகப் பணியாளர் வாராவாரம் சந்திக்கச் சம்மதம் கேட்டிருந்தார்கள். "அக்கா, கையெழுத்து வைச்சால் பிள்ளைக்கு விசர் எண்டு பதிஞ்சு போடுவினமோ? மார்க்ஸ் குறைஞ்சதுக்கு ரியூஷன் காணாதோ?"

நான் யாழ்ப்பாணத் தீவகத்துப் புளியங்கூடல்காரி. 1990இல் போரால் தீவகத்தை விட்டு வெளிக்கிட்ட பிள்ளைகளிடம் "நித்திரை வருதோ" என்று எவரும் கேட்கவில்லை. "படி" என்றார்கள். பெரியவர்களுக்கே நித்திரையில்லாத காலம் அது.

பின்னர் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஆசிரியர்களையே உளவளத்துணைக்குப் பயிற்றினார்கள். அத்தகைய ஆசிரியர்கள் வடக்கு கிழக்கில் 420 மாணவரை விசாரித்த ஆய்வு 2009இல் வெளியானது. ஷெல்லடி, குண்டுவீச்சு, கண்முன்னே சாவு என்று கொடிய அனுபவம் பட்டவர்கள் 92 வீதம். நாலிலொரு பிள்ளைக்கு மனவடு நோய். ஞாபகசக்தியும் பள்ளிப் புள்ளிகளும் அடிபட்டிருந்தன. அந்தத் தாய்க்கு இதைத்தான் சொன்னேன். கையெழுத்து வைத்தார்.

சேவை கிடைத்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. போர் ஓயாதிருந்த வடக்கில் இன்னோர் ஆய்வில் 399 பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பள்ளிக்கூடத்தில் 5 வாரங்களில் 15 உளநல அமர்வுகள் நடத்தினார்கள். மற்றப் பாதி காத்திருந்தது. 2012இல் வெளியான முடிவின்படி மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு எதிலும் ஒட்டுமொத்தமாக வேறுபாடு இல்லை. நடத்தைக் குழப்பம் குறைந்தது. ஆண்பிள்ளைகளுக்குச் சில பயன்கள் தெரிந்தன. பெண்பிள்ளைகளிலோ, அமர்வுக்குப் போனவர்களைவிடக் காத்திருந்தவர்களுக்கே மனவடு அறிகுறிகள் கூடக் குறைந்திருந்தன. ஏன்? இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

பிள்ளைகள் சிரிக்கும் படத்தைப் போட்டு அறிக்கையை முடித்திருக்கலாம். இந்த ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். போரின் அன்றாட நெருக்குதல் குறைந்த பிள்ளைகளுக்கே பலன் கூடுதல் என்பதும் அதிலுண்டு. வாசலில் சென்றி நிற்கும்போது வகுப்பறைக்குள் மட்டும் பயத்தைப் போக்கேலாது.

எங்கள் ஊர்ச் சங்கங்கள் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடமும் கணினியும் கொடுக்கின்றன. நல்லது. அடுத்த ஒன்றுகூடலில் நான் கேட்கப்போவது வேறு. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போய்வர ஓர் உளவளத்துணை ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்போம். மூன்று மாதம், ஒரு வருடம் கழித்துப் பிள்ளைகளின் நித்திரை, சிநேகிதம், வரவு எப்படியென்று பார்க்கவும் காசு ஒதுக்குவோம். பெண்பிள்ளைகளிடம் தனியாகக் கேட்போம். பலனில்லையென்று அவர்கள் சொன்னால் அதையும் மண்டபத்தில் எழுந்து வாசிப்போம்.